ஏணி மாமாவின் இடது கை

கட்டிங் மிஷினின் கத்தி ஒரு முறை இறங்கி ஏறியது. அடுக்கி வைத்திருந்த போஸ்டர்க் கட்டின் இடது ஓரம் நீளமான பட்டையாகப் பிரிந்து, கழிவுக் கூடைக்குள் சரிந்தது. அந்தப் பட்டைக்குள் ஓர் ஆள் இருந்தார். தோளில் ஏணி, கால்களில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், எதிரே வருகிறவர்களை எல்லாம் நலம் விசாரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கூடைக்குள் விழுந்த பிறகும் அந்தச் சிரிப்பு மாறவில்லை. படத்தில் உள்ளவர்களுக்கு அந்த ஒரு வசதி உண்டு.

மிஷின்காரர் கட்டின் மேலே இருந்த தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"சார், ஆளை வெட்டியாச்சு. ஆனா கை மாட்டிக்கிச்சு."

"எந்தக் கை?"

"பூட்டுக்காரர் தோள் மேல பாருங்க. அவரோட ரெண்டு கையும் இங்க இருக்கு. ஒண்ணுல பூட்டு, ஒண்ணுல சாவி. அப்ப தோள் மேல இருக்கிறது யாரு கை? பூட்டுக்காரருக்கு எப்ப சார் மூணாவது கை முளைச்சுது?"

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த மனிதர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் 'பொம்மை சார்' என்று பெயர். குழந்தைகளுக்கான அந்தப் படக்கதை வார இதழில் வரும் பாத்திரங்களைப் பொம்மையாகவும், பென்சில் டப்பாவாகவும், பள்ளிப் பையாகவும் மாற்றி விற்பதும், அவர்களை ஊரெல்லாம் விளம்பரம் செய்வதும் அவர் பொறுப்பு. விளம்பரம் செய்யத் தெரிந்தவருக்கு மறைக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று சில மாதங்களாகத்தான் அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பூட்டுக்காரரின் தோளில் ஒரு பச்சைக் கையுறை அணிந்த கை அழுத்தமாக, அன்பாகப் பதிந்திருந்தது. பெருவிரலில் மஞ்சள் ஒட்டுத்துணி. அந்த ஒட்டுத்துணியைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிக்கக்கூடிய குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

"யாரும் கவனிக்க மாட்டாங்க. கோட்டுல ஏதோ டிசைன்னு நினைச்சுப்பாங்க" என்றார் பொம்மை சார்.

மிஷின்காரர் அவரை ஒரு கணம் பார்த்தார். "சார், என் வீட்டுல ரெண்டு உருப்படி இருக்கு. அதுங்க எறும்புக்கு எத்தனை காலுன்னு எண்ணிப் பாத்துதான் சோறே திங்கும். நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

கத்தி மறுபடி இறங்கியது.

ஏணி மாமாவை உருவாக்கியவர் பொம்மை சாரின் சொந்த அண்ணன். இதழ் தொடங்கிய காலத்தில், சிறுவன் ஒருவன் கூரை மேல் மாட்டிக்கொண்ட பந்தை எடுக்க முடியாமல் அழுவதைத் தெருவில் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரே இருப்பில் அவர் வரைந்த பாத்திரம் அது. ஏணி மாமாவுக்கு மந்திரம் தெரியாது, பறக்கவும் வராது. எங்கே போனாலும் தோளில் ஓர் ஏணியைச் சுமந்துகொண்டு போவார். உலகத்தில் பாதித் துன்பம் எட்டாத உயரத்திலும் மீதித் துன்பம் இறங்க முடியாத பள்ளத்திலும் இருப்பதால், அவருக்கு வேலை குறைந்ததே இல்லை. பின்னால் அவருக்குத் துணையாக ஐந்து பேர் சேர்ந்தார்கள்: எந்தப் பூட்டையும் திறந்துவிட்டு எல்லோர் மீதும் எரிந்து விழும் பூட்டுக்காரர், குடைக்காரி, இரட்டையர் இருவர், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு நாய். பூட்டுக்காரருக்கும் ஏணி மாமாவுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். அந்தச் சண்டைக்காகவே இதழை வாங்கியவர்கள் உண்டு.

தகப்பனார் இல்லாத வீட்டில், அண்ணன் சித்திரம் வரைந்து சம்பாதித்த காசில்தான் தம்பி படித்தார். அண்ணனின் சொல்லில்தான் இந்த அலுவலகத்தில் சேர்ந்தார். இதை அண்ணன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. தம்பியும் மறந்ததில்லை. மறக்காமல் இருப்பது வேறு, நினைவில் வைத்து நடப்பது வேறு.

இதழ் ஒரு காலத்தில் தள்ளாடியது. அப்போது பழைய முதலாளி, ஏணி மாமாவைத் திரைப்படமாக எடுக்கும் உரிமையை ஒரு படக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். தாளில் ஏணி மாமா இதழுக்குச் சொந்தம். திரையில் அவர்களுக்குச் சொந்தம். அந்தப் பணத்தில் இதழ் பிழைத்தது. படக் கம்பெனியோ வாங்கியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்துபோனது. பழைய முதலாளி காலமாகி, அவர் மகன் சின்ன முதலாளி பொறுப்பேற்று, இதழே சொந்தமாகப் படம் எடுக்கலாம் என்று ஆசைப்பட்ட வேளையில்தான் அந்தக் கம்பெனிக்கு ஞாபகம் வந்தது. ஏணி மாமாவை வைத்து அவர்கள் ஒரு படம் தொடங்கினார்கள். மற்ற ஐவரை வைத்துச் சின்ன முதலாளி ஒரு படம் தொடங்கினார்.

ஒரு கதை சொல்வார்கள். பஞ்ச காலத்தில் ஒருவன் தன் பசுவின் பாலை மட்டும் அடுத்த வீட்டுக்காரனுக்கு எழுதிக் கொடுத்தானாம். பசு இவனுடையது, தொழுவம் இவனுடையது, கறக்கிற பால் மட்டும் அவனுடையது. மழை பெய்து நாடு செழித்த பிறகு, தன் கையால் போடுகிற புல்லெல்லாம் அடுத்தவன் செம்பில் பாலாக நிறைவதைப் பார்த்து இவனுக்கு வயிறு எரிந்தது. எழுதிக் கொடுத்ததை மாற்ற முடியாது. ஆகவே புல்லைக் குறைத்தான். பசுவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தான் என்ன தப்புச் செய்தோம் என்று அது தொழுவத்தில் நின்று யோசித்துக்கொண்டே இருந்ததாம்.

சின்ன முதலாளி புல்லைக் குறைத்தார்.

"நாம ஒரு ஏணி மாமா பொம்மை வித்தா, அவங்க படத்துக்கு ஒரு டிக்கெட் வித்த மாதிரி. நம்ம காசுல அவங்களுக்கு விளம்பரமா? நான் என்ன அன்னசத்திரமா நடத்துறேன்?" என்றார் கூட்டத்தில். "பொம்மை, பை, டப்பா, ஸ்டிக்கர், எதுலயும் இனிமே அந்த ஆளு இருக்கக் கூடாது."

"கதையிலும் கொன்னுடலாமா சார்?" என்று கதை எழுதுகிறவர் கேட்டார்.

"கொன்னா பெரிய செய்தியாயிடும்யா. அதுவும் அவங்களுக்குத்தான் லாபம். எங்கயாவது அனுப்பி வைங்க. தூரமா. கடுதாசி போட முடியாத தூரமா."

ஆகவே ஏணி மாமா ஒரு மலையுச்சிக்குப் போனார், மேகத்துக்கு ஏணி கட்டுவதற்காக. வாராவாரம் கதை வந்தது, அவர் வரவில்லை. கடைகளின் முன்வரிசையில் இருந்த ஏணி மாமா பொம்மைகள் மூட்டையாகி, கிடங்கின் பின்சுவரை ஒட்டி அடுக்கப்பட்டன. அந்த மூட்டைகளுக்கு முன்னால் குடைக்காரியின் குடைகளை அடுக்கச் சொன்னவர் பொம்மை சார்தான்.

அண்ணன் வீட்டிலிருந்தபடியே வரைந்து அனுப்புகிறவர். அலுவலக அரசியல் அவர் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. ஒருநாள் அவர் போன் செய்தார்.

"என்னடா, கடைக்காரன் ஏணி மாமா பொம்மையே வர்றதில்லைங்கிறான்?"

உண்மை நாக்கின் நுனிவரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போனது.

"அவ்வளவு கிராக்கி அண்ணே. வந்த வேகத்துல போயிடுது."

மறுமுனையில் அண்ணன், "கேட்டியா? கிராக்கியாம்!" என்று மனைவியிடம் கத்துவது கேட்டது. பொம்மை சார் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

இதழின் ஆண்டு மலரோடு ஒரு பெரிய போஸ்டர் இலவசமாகத் தரவேண்டும் என்று முடிவானது. சின்ன முதலாளியின் திரைப்படம் வெளிவரும் நேரம். போஸ்டரில் ஐவரும் கம்பீரமாக நிற்கவேண்டும். அண்ணனைத் தவிர வேறு யார் வரைந்தாலும் நாய் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. ஆனால் ஏணி மாமா இல்லாமல் வரையச் சொன்னால் அண்ணன் வரைய மாட்டார்; ஏன் என்று கேட்பார்; காரணம் தெரிந்தால் பென்சிலை வைத்துவிடுவார். "உங்க அண்ணன்தானே, நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றார் சின்ன முதலாளி.

பொம்மை சார் வழி சொன்னார். கேட்டதைவிட மூளை சில சமயம் அதிகம் வேலை செய்துவிடுகிறது.

"ஆறு பேரையும் வரையச் சொல்லலாம் சார். ஏணி மாமாவை இடது ஓரத்துல நிக்க வைப்போம். போஸ்டரோட அகலத்தை அவருகிட்ட அஞ்சு அங்குலம் கூட்டிச் சொல்லிடறேன். அச்சடிச்சதும் அந்த அஞ்சு அங்குலத்தை மிஷின்ல வெட்டிட்டா முடிஞ்சுது."

சின்ன முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஆளைக் கொல்லாம ஆளைக் காலி பண்றீங்க! படத்தோட விளம்பரம் மொத்தமும் இனிமே நீங்கதான் பாக்கணும்." அந்தப் பாராட்டு பொம்மை சாருக்கு இனித்தது. வெட்கப்படவேண்டிய இனிப்பு என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் புரிந்தது; ஆனால் அதற்குள் அதை விழுங்கியிருந்தார்.

அண்ணனுக்கு அவர் போனில் சொன்ன வாசகம் இது: "அகலம் முப்பது அங்குலம் அண்ணே. ஏணி மாமா இடது ஓரத்துல நிக்கட்டும். பாக்கிறவன் கண்ணு முதல்ல அங்கதான் போகும்."

"அப்ப மலையிலிருந்து இறங்கிட்டாரா?" அண்ணன் குரலில் ஒரு குழந்தை குதித்தது. "எத்தனை மாசமாச்சுடா! நல்லா வரவேற்கணும்."

வரவேற்ற விதம்தான் அந்தக் கை. பூட்டுக்காரரோடு காலமெல்லாம் சண்டை போட்டவரை, திரும்பி வந்த சந்தோஷத்தில், அவர் தோளில் கை போட வைத்துவிட்டார் அண்ணன். "உனக்கு ஓர் ஆச்சரியம் வச்சிருக்கேன், பிரிச்சுப் பாரு" என்று சொல்லித்தான் சுருளைக் கொடுத்தனுப்பினார். பிரித்துப் பார்த்த பொம்மை சார் உடனே சுருட்டி வைத்தார். கையை எடுக்கச் சொன்னால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொல்வதைவிடக் கண்ணை மூடிக்கொள்வது எளிது. மூடிக்கொண்டார். படம் அச்சுக்குப் போனது.

மிஷின்காரரின் உருப்படிகள் மட்டுமல்ல, ஊரிலிருந்த உருப்படிகள் எல்லாம் எண்ணத் தெரிந்தவையாக இருந்தன. மலர் வெளிவந்த மறுநாளே அலுவலகத்துப் போன் ஓயவில்லை. 'பூட்டுக்காரர் தோள்ல யாரு கை?' என்று ஒரு சிறுமி கேட்டாள். 'ஏணி மாமா செத்துப் பேயா வந்திருக்காரா?' என்று இன்னொருவன் விசாரித்தான். மூன்றாவதாகப் பேசிய தகப்பன் ஒருவர், 'என் பொண்ணு ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டேங்கிறா, நீங்க பொழைக்கிற பொழைப்பா இது?' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சின்ன முதலாளி கூப்பிட்டனுப்பினார். "ஆளை விட்டுட்டுக் கையை மட்டும் வச்சு அவங்களுக்கு ஓசியில விளம்பரம் பண்ணியிருக்கோம். முழு ஆளா நின்னிருந்தாக்கூட இவ்வளவு பேச மாட்டாங்க. இதே படம்தான் டப்பாவுக்கும் பைக்கும் போகுது. கை போயாகணும்."

"அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"எதுக்கு?"

"அவரு வரைஞ்சது சார். அவரே எடுத்துட்டா நல்லா இருக்கும்."

சின்ன முதலாளி தோளைக் குலுக்கினார். மூலப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை பொம்மை சார் அண்ணன் வீட்டுக்குப் போனார். ஆண்டு மலரின் பிரதி ஒன்று வழக்கமாக அண்ணனுக்குப் போகும். இந்த முறை அதை அவரே தடுத்து, தன் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். ஆகவே அண்ணன் இன்னும் எதையும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அச்சுக்கூடத்தில் ஏதோ குழப்பம், அதனால் கையை எடுக்கவேண்டியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். வழி முழுக்க அந்த வாக்கியத்தை மெருகேற்றிக்கொண்டே போனார்.

அண்ணி கதவைத் திறந்தாள்.

"வாங்க தம்பி. வழி ஞாபகம் இருக்கா? போஸ்டர் ஒட்டித் தேடலாம்னு இருந்தோம்."

வழக்கமான கேலிதான். ஆனால் போஸ்டர் என்ற சொல் அன்றைக்கு முள்ளாகத் தைத்தது. அவர் சிரிக்க முயன்றார். அண்ணி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க அண்ணன் ரெண்டு நாளா ஆளே சரியில்லை. மை வாங்கிட்டு வர்றேன்னு கடைக்குப் போனாரு. வெறுங்கையோட வந்தாரு. அதிலிருந்து பென்சிலைத் தொடலை. என்னன்னு கேட்டா, எல்லாம் போச்சுங்கிறாரு. நீங்களாவது கேளுங்க."

அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எப்போதும் போர்க்களம்போல் கிடக்கும் மேசை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தூரிகைகளை எல்லாம் சேர்த்து ஒரு ரப்பர் வளையத்தில் கட்டி ஓரமாக வைத்திருந்தார்.

"வாடா. உக்காரு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் போன் பண்ணலை."

"என்ன அண்ணே?"

"கடைக் கதவுலயே ஒட்டியிருந்தான்டா நம்ம போஸ்டரை. தூரத்திலிருந்து பாத்ததும் ஒரே குஷி. கிட்டப் போனா ஆளைக் காணோம். கை மட்டும் நிக்குது. கடைக்காரன் கேக்கிறான், சார், இது யாரு கைன்னு. என்னத்தைச் சொல்ல? என் கைதான்யா, தடுமாறிப்போன கைன்னா சொல்ல முடியும்?"

பொம்மை சார் வாய் திறந்தார். அண்ணன் கையமர்த்தினார்.

"நீ ஒண்ணும் சொல்லாதே. தப்பு என்னோடது. நீ அளவைத் தெளிவாத்தான் சொன்னே. நான் கோடு போடும்போது எங்கயோ பிசகியிருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவை வெட்டுல என் படம் போனதில்லை. இப்ப போயிருக்கு, அதுவும் யாரு? அவரைப் போய் வெட்டுற இடத்துல நிக்க வச்சிருக்கேன். மலையிலிருந்து இறங்கி வந்த மனுஷனை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணா, கையா, மண்டையா, எது போச்சுன்னு தெரியலை. மூணுல ஒண்ணு போச்சு. முதலாளி உன்னை ரொம்பத் திட்டினானா?"

"இல்லை அண்ணே."

"மறைக்காதே. என்னைக் காப்பாத்துறதுக்காக நீ திட்டு வாங்கியிருப்பே. எனக்குத் தெரியாதா உன்னை?"

தெரியாது என்பதுதான் உண்மை. பொம்மை சார் சுருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். திட்டுக்கு அவர் தயாராக வந்திருந்தார். சந்தேகத்துக்கும் விடை வைத்திருந்தார். அண்ணன் தானே குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்று, இவரை வக்கீலாக வைத்துக்கொள்வார் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

"அது என்ன, மூலப் படமா? கையை எடுக்கணும்னு கொண்டு வந்தியா?"

"ஆமா அண்ணே. டப்பாவுக்கு..."

"கொடு. என் தப்பை நானே திருத்துறேன். அடுத்த அச்சுலயாவது உன் பேரு கெடாம இருக்கட்டும். இதை முடிச்சுட்டுத் தூரிகையை யாருக்காவது கொடுத்துடலாம்னு இருக்கேன்."

இவ்வளவு எளிதாக வேலை முடியும் என்று பொம்மை சார் கனவிலும் எண்ணவில்லை. ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கை அழிந்துவிடும், முதலாளி மகிழ்வார், தந்திரம் தெரியாமலே போய்விடும். கிணற்றில் தள்ளியவனுக்கு, விழுந்தவனே கயிற்றை இழுத்துக் கொடுத்த மாதிரி.

அண்ணன் சுருளைப் பிரித்து மேசையில் விரித்தார். நாலு மூலையிலும் மைப்புட்டிகளை வைத்தார். ஏணி மாமா முழுசாக, இடது ஓரத்தில், சிரித்துக்கொண்டு நின்றார். அண்ணன் அவர் பக்கம் பார்க்காமல், பூட்டுக்காரரின் கோட்டு நிறத்துக்குப் பழுப்பைக் குழைத்தார். ரப்பர் வளையத்தை அவிழ்த்து மெல்லிய தூரிகை ஒன்றை உருவினார்.

"எத்தனை வருஷமா ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க. சேத்து வைக்கலாம்னு பாத்தேன்" என்றார், யாருக்கும் சொல்லாத குரலில்.

தூரிகை இறங்கியது. பச்சைச் சுண்டு விரல் பழுப்புக்குள் மறைந்தது. தூரிகையைத் திரும்ப நனைக்க அண்ணன் கையைத் தூக்கியபோது, அந்தக் கை நடுங்கவில்லை என்பதைத் தம்பி கவனித்தார். இம்மியளவும் நடுங்கவில்லை. எது போனதென்று தெரியவில்லை என்று சொன்ன மனிதரின் கை, நூல் பிடித்த மாதிரி நின்றது.

"நிறுத்துங்க அண்ணே."

"என்னடா?"

"உங்க கோடு தப்பில்லை. அளவை நான்தான் தப்பாச் சொன்னேன்."

"மறந்து சொல்லிட்டியா?"

'ஆமாம்' என்று சொல்ல இன்னும் ஒரு வாசல் திறந்திருந்தது. அண்ணனே திறந்து வைத்த வாசல்.

"இல்லை. தெரிஞ்சுதான் சொன்னேன். போஸ்டர் இருபத்தஞ்சு அங்குலம். உங்ககிட்ட முப்பதுன்னேன். ஏணி மாமாவை வெட்டுறதுக்காகத்தான் ஓரத்துல நிக்க வைக்கச் சொன்னேன்."

அண்ணன் தூரிகையை வைக்கவில்லை. அடுத்து அவர் செய்த காரியம் தம்பி எதிர்பார்க்காதது. அடிக்கோலை எடுத்து, படத்தின் குறுக்கே வைத்து அளந்தார். ஒரு முறை போதாமல் இரண்டாம் முறையும் அளந்தார்.

"முப்பது" என்றார். "சரியா முப்பது. மயிரிழை பிசகலை." அவர் முகம் மலர்ந்தது. "ஏய், இங்க வா! என் கோடு சரிதான்! கண்ணு போகலை, கையும் போகலை! நீ வேற கண் டாக்டரைப் பாக்கலாம்னு சொன்னியே!"

அண்ணி ஈரக் கையோடு ஓடி வந்தாள். கணவர் முகத்தில் சிரிப்பைக் கண்டு அவளும் சிரித்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள், சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அண்ணனுக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. சந்தோஷம் முகத்திலிருந்து ஒவ்வொரு மடிப்பாக வடிந்தது.

"பொம்மைக்குக் கிராக்கின்னியே?"

"மூட்டையா கிடங்குல கிடக்கு."

"மலையிலிருந்து எப்ப வருவாரு?"

"வர மாட்டாரு அண்ணே." பொம்மை சார் படக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த பழைய உரிமையையும், இரண்டு படங்களையும், சின்ன முதலாளியின் கட்டளையையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது ஒரு நியாயமான வியாபாரக் காரணம்போல் ஒலித்தது. அதுதான் அவருக்கு அதிகமாக வெட்கமாக இருந்தது.

அண்ணன் குறுக்கிடாமல் கேட்டார்.

"எழுதிக் கொடுத்தது பெரியவர். பொம்மையை நிறுத்தச் சொன்னது அவர் மகன். ஓரத்துல நிக்க வச்சு வெட்டுறதுன்னு, அது யாரு சொன்னா?"

"நான்தான்."

"அவங்க கேட்டாங்களா?"

"வழி கேட்டாங்க. அந்த வழியைச் சொன்னது நான்."

அந்த நேரம் பார்த்துப் பொம்மை சாரின் சட்டைப்பையில் போன் அடித்தது. சின்ன முதலாளி. அவர் குரல் போன் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்தச் சின்ன அறைக்குள் மூன்று பேருக்கும் தாராளமாகக் கேட்டது.

"என்னாச்சு, கை போச்சா?"

"இல்லை சார். அண்ணன் எடுக்க மாட்டாரு. நான்தான் வேண்டாம்னு..."

"அட, அவரு எதுக்குய்யா? நம்ம கம்ப்யூட்டர் ஆளு நேத்தே எடுத்து டப்பாக்காரனுக்கு அனுப்பிட்டான். டீ ஆறதுக்குள்ள முடிச்சுட்டான். நீங்கதான் அண்ணனைக் கேக்கணும், அண்ணனைக் கேக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னீங்க. சரி போய்ட்டு வரட்டுமேன்னு விட்டேன். மத்தியானம் வந்துடுங்க, பட விளம்பரம் பேசணும்."

வேலையும் வேண்டாம், பட விளம்பரமும் வேண்டாம் என்று அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். பொம்மை சார் 'சரி சார்' என்று சொன்னார். பழக்கம் அப்படி.

அவர் போனைப் பைக்குள் போட்டார். கையை அழிக்க அண்ணன் தேவைப்படவே இல்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படியானால் இவர் எதற்காகச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார்? செய்த காரியத்தில் அண்ணனின் தூரிகையும் ஒருமுறை பட்டுவிட்டால், பாவம் பாதியாகப் பிரிந்துவிடும் என்ற நப்பாசைதான். அதை இவர் இதுவரை தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தபோது, அவருக்கு அது சொல்லாமலே புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பச்சையை எடு" என்றார்.

தம்பி மைப்புட்டிகளிடையே தேடி எடுத்துக் கொடுத்தார். அண்ணன் தூரிகையைக் கழுவினார். ஈரம் காயாத பழுப்பைத் துணியால் ஒற்றி எடுத்தார். பிறகு மறைந்துபோன சுண்டு விரலைத் திரும்ப வரையத் தொடங்கினார். எந்த டப்பாவிலும் எந்தப் பையிலும் வரப்போகாத விரல். அதற்கு நகத்தின் மேடும், கையுறையின் தையலும், தையலுக்குக் கீழே ஒரு மெல்லிய நிழலும் வைத்தார். மூலையிலிருந்து புட்டி ஒன்று எடுக்கப்பட்டதால் தாள் சுருண்டது.

"பிடி அதை."

தம்பி தாளின் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் முடியும்வரை நின்றார். அண்ணன் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அவர் உதடுகள் வேலையில் மூழ்கும்போது எப்போதும் செய்வதுபோல் மெல்லக் குவிந்திருந்தன. தூரிகையை யாருக்கும் கொடுக்கும் எண்ணம் இப்போது அந்த முகத்தில் இல்லை. தம்பி செய்த நல்லது அது ஒன்றுதான். அதையும் ஒரு கேட்டைச் சொல்லித்தான் செய்யவேண்டியிருந்தது.

"இனிமே அலுவலகத்திலிருந்து அளவு சொல்றதுக்கு வேற யாரையாவது போன் பண்ணச் சொல்லு" என்றார் அண்ணன், தூரிகையைத் துடைத்தபடி.

"சரி அண்ணே."

"சாப்பிட்டுட்டுப் போ."

"இல்லை, நான் வந்து..."

"சாப்பிட்டுட்டுப் போன்னேன். இந்த வீட்டுல இருந்து பட்டினியா யாரையும் அனுப்பினதில்லை. அப்புறம் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்."

அண்ணி தட்டு வைத்தாள். எப்போதும் இரண்டு கேலிக்கு ஒரு கரண்டி என்று பரிமாறுகிறவள், அன்றைக்கு வேண்டுமா போதுமா என்பதை மட்டும் கேட்டாள். பக்கத்து அறையில் அண்ணன் மேசை இழுப்பறைகளைத் திறந்து தூரிகைகளை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைக்கும் ஓசை வந்துகொண்டிருந்தது. பொம்மை சார் தலையைக் குனிந்து, தட்டில் போட்டதையெல்லாம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எத்தனை நாளைக்கு வர வேண்டாம் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.